வெள்ளிக்கிழமை காணாமல் போகும் படம்

“இந்த வெள்ளியும் எம் பொண்ணு மூஞ்சிய மறைச்சிட்டியாடா?”

பதுளை பஜாரில் ஜெயராசா முதலாளி போட்ட சத்தம் பக்கத்துப் புடவைக்கடை வரைக்கும் கேட்டது. சதீசன் இன்னும் குடையைக்கூட மடக்கவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, அப்போதுதான் கடைப்படி ஏறியிருந்தான்.

முதலாளிக்குப் பரம்பரைத் தொழில் பலசரக்கு. 2008இல் அதோடு ஒரு கல்யாணத் தரகு இணையத்தளமும் சேர்ந்துகொண்டது. பின்னறைக் கம்ப்யூட்டர்தான் சேர்வர், சதீசன்தான் மொத்த ஊழியர் படையும். முதலாளிக்குப் படங்களை மவுஸால் இழுத்துப் போட மட்டும் தெரியும். அதைக் கொழும்பில் படித்து வாங்கிய பட்டம் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார்.

ஊவா மாகாணத்துப் பெண்கள், மாப்பிள்ளைகள் எல்லாருடைய படமும் அந்தத் தளத்தில் பளிச்சென்று தெரியும். முதலாளியின் ஒரே மகள் லதுஷாவின் படம் மட்டும் வெள்ளிக்கிழமையானால் திறக்காது. அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் நிற்கும்.

“வெலிமடையிலருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன் பண்ணுறாங்க. பொண்ணுக்கு ஏதும் குறையா, மூஞ்சிய மூடி வச்சிருக்கீங்களேன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

“லேபல் மாறியிருக்குங்க மொதலாளி. ஒரு நிமிசத்துல சரி பண்ணிர்றேன்.”

“லேபல் ஒட்ட எம் பொண்ணு என்ன ஜாம் போத்தலா?”

அதை அவருக்கு விளக்கி சதீசனின் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு லேபல் உண்டு. அது தப்பாக இருந்தால் சேர்வர் கோப்பை வெளியாருக்குக் காட்டாது.

சதீசன் கறுப்புத் திரையைத் திறந்து ‘ரெஸ்டோர்கான்’ என்று தொடங்கும் ஒரு வரியைத் தட்டுவான். லேபல் பழையபடி ஆகும், லதுஷா சிரிப்பாள். ஏன் மாறுகிறது என்று அவனும் தேடியதில்லை. ஒரு வரியில் தீருகிற வியாதிக்கு எவன் இரத்தம் சோதிப்பான்?

பஜார் அப்படிச் சும்மா இருக்குமா? தோட்டத்துப் பய முதலாளி மகள்மேல் கண் வைத்துவிட்டான், வருகிற மாப்பிள்ளைகளையெல்லாம் விரட்டுகிறான் என்று காரணத்தைக் கண்டுபிடித்து, வெற்றிலையோடு மென்றுகொண்டிருந்தது. கதை முதலாளியின் காதுக்கும் வந்தாயிற்று.

உண்மையில் லதுஷாவுக்குச் சீக்கிரம் ஒரு வரன் அமைய வேண்டும் என்று பெற்றவர்களைவிட உருகி வேண்டிக்கொண்டவன் சதீசன்தான். அன்றைக்குத்தானே இந்த வெள்ளிக்கிழமை ஏச்சு ஓயும்! இப்போதோ வேலையோடு பெயரும் சேர்ந்து போகப் போகிறது. இப்படிப் பெயர் கெட்டவனுக்குப் பதுளையில் என்ன, மொனராகலையிலும் எவனும் வேலை தரமாட்டான்.

முதலாளி இந்தத் தடவை ஆயத்தமாக இருந்தார். பின்னறையில் மதுசூதனன் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கம்ப்யூட்டர் எஞ்சினியர், திருடனைப் பிடிப்பதற்கென்றே வரவழைக்கப்பட்டவர்.

மவுஸைத் தொட்டவர் விரலைப் பார்த்து முகம் சுளித்தார்.

“சந்தனம் சேர். வெள்ளின்னா விடியக்காலையிலயே கடையத் தொறந்து கம்பியூட்டருக்கும் சாம்பிராணி காட்டிருவேன்” என்றார் முதலாளி. “வைரஸ் அண்டாது பாருங்க.”

சதீசனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. விசைப்பலகையை நோக்கி அவசரமாகக் கையை நீட்டினான்.

“பொறும் தம்பி, இப்ப ஒண்டும் தட்டாதையும்” என்று மதுசூதனன் தடுத்தார். “முதல்ல என்ன நடந்தது எண்டு பாப்பம்.”

அவர் ஏதேதோ தட்டினார். முதலாளி அவர் தோளுக்கு மேலாகத் திரையை முறைத்தார். பிறகு சதீசனை முறைத்தார்.

“ஐயா, இது மெஷின்ட பிழை இல்லை. ஆரோ கை வச்சிருக்கினம்.”

“அப்படிச் சொல்லுங்க!”

“படத்தை ஆரோ இழுத்துக்கொண்டு போய், தங்கட சொந்த ஃபோல்டர் ஒண்டில வச்சிட்டு, திரும்ப இங்க இழுத்துப் போட்டிருக்கினம். உள்ள வைக்கேக்க அது வீட்டுச் சாமான் எண்டு லேபல் விழும். வெளியில எடுத்துப் போட்டாலும் அந்த லேபல் கழராது. வீட்டுச் சாமானை ஊருக்குக் காட்டமாட்டன் எண்டு சேர்வர் மறிக்குது.”

முதலாளியின் காதில் விழுந்தது ‘சொந்த ஃபோல்டர்’ வரைக்கும்தான்.

“எம் பொண்ணு படத்தக் கொண்டுபோயி ஒன் சொந்த எடத்துல வச்சிருந்தியா? சோறு போட்ட கடைக்கே ரெண்டகம் பண்ணுறியாடா? சாவியக் குடுத்துட்டு எறங்கு!”

“சத்தியமா நான் இல்லீங்க மொதலாளி.”

புடவைக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். சதீசனுக்கு அழுகை முட்டியது. அவருக்கு முன்னால் அழுவது அதைவிட அவமானமாக இருந்தது. சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

“பொறுங்கோ ஐயா” என்றார் மதுசூதனன். “லேபல் மாறினது இண்டைக்குக் காலமை ஆறரைக்கு. தம்பி, நீர் எத்தனை மணிக்கு வந்தனீர்?”

“இப்பத்தாங்க, ஒம்பதுக்கு. மொதலாளியே பாத்தாரு.”

“இந்த மெஷினைத் தொடுறது வேற ஆர்?”

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். மேசையிலிருந்த சாவியை மெதுவாகச் சதீசன் பக்கம் தள்ளிவிட்டார். அத்தனை நேரம் பஜாருக்கே கேட்ட குரல் இப்போது அறைக்குள்ளேயே தேய்ந்தது.

“நல்ல காரியமாச்சேன்னு... வெள்ளிக்கு வெள்ளி பொண்ணு படத்த எஞ் சாமிப்பட ஃபோல்டர்ல வச்சி எடுத்துப் போட்டேங்க.”