வெறும் தட்டு

ஜெசிந்தா எட்டு வருஷமாக வளர்த்தது ஈஸ்ட். பன் மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். அதற்குள் ஹெபடைடிஸ் பி கிருமியின் ஒரு துணுக்கை மட்டும் ஒளித்து வைத்திருந்தாள். ஊசியில் ஏற்றுவதற்கு முன் அந்த ஈஸ்ட்டைச் சூட்டில் கொன்றுவிட வேண்டும். செத்துவிட்டதா என்று பார்க்க, ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் தடவி ஐந்து நாள் காத்திருப்பாள். பதினோரு முறையும் வெள்ளைப் புள்ளி முளைத்தது. ஏதோ ஒன்று பிழைத்திருக்கிறது. ஒருமுறை ஒரே ஒரு புள்ளிதான். “இதக் கண்டுக்காம விட்டுடலாமே” என்றார் ஆய்வகத் தலைவர். அவர் கண்ணெதிரிலேயே மொத்தத்தையும் கொட்டினாள்.

பன்னிரண்டாவது தட்டை மூடி ஒட்டி எடுத்துப்போய், முதல் ஊசிக்குச் சம்மதித்து வந்திருந்த வேலாயுதத்திடம், பிள்ளையின் மார்க் ஷீட்டைப் போல நீட்டினாள். அவர் பஸ் கண்டக்டர். இருபது வருஷமாக ரத்தத்தில் அந்தக் கிருமி.

“என்னம்மா, ஒண்ணுமே இல்லையே?”

“அதுக்குத்தாங்க எட்டு வருஷம்.”

“செத்தது எப்படிம்மா சண்ட போடும்?”

“அது போடாதுங்க. உங்க உடம்புல இருக்கற காவக்காரங்க இதத் தின்பாங்க. தின்னா, உள்ள ஒளிஞ்சிருக்கறவன் அடையாளம் தெரிஞ்சிடும். அப்புறம் அவங்க பாத்துப்பாங்க.”

ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சோதிப்பதுபோல அவர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“என் ரத்தத்தப் பாத்தவங்க யாரும் இதுவரைக்கும் ஒண்ணுமில்லன்னு சொன்னதில்லம்மா.”

தட்டைக் கீழே வைக்காமலே மறு கையை நீட்டினார்.