மூன்றாவது ஒலி

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எழில்மதி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எதிரே சங்கீதா, கூடப் படிக்கும் இருபது வயதுப் பெண். அவள் சொல்லப்போகும் ஆங்கில ஒலிகள் வாயில் எந்த இடத்தில் பிறக்கின்றன என்று உதட்டையும் நாக்கையும் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் இன்றைய ஒலியியல் செய்முறைத் தேர்வு.

பத்துக்கு எட்டு எடுத்தால் பாஸ்.

காதால் கேட்டு எழுதும் தேர்வில் எழில்மதி ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். இதுவும் போனால் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவு. முப்பத்தெட்டு வயதில் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தவள் எத்தனை வருடம்தான் அதே பாடத்தைத் திருப்பிப் படிப்பாள்? கணவர் கொளஞ்சியப்பனிடம் அதைச் சொல்லத்தான் மனம் வரவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வந்து, பேனாவையும் கையில் கொடுத்தது அவர்தான்.

டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் அவர்களுக்குப் பல்கலைக்கழகம். ஒருத்தர் வாயை ஒருத்தர் உற்றுப் பார்க்க வெட்கப்பட்டு வகுப்பே நெளிந்தது.

"டேய், பல்லு தேச்சியாடா?" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் கேட்டான்.

எழில்மதி மட்டும் நெளியவில்லை. சங்கீதாவின் வாயைக் கண் இமைக்காமல் பார்த்தாள்.

மேல்பல் கீழுதட்டில் பட்டது. எழில்மதி சொன்னாள். நாக்கு நுனி பற்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. சொன்னாள். உதடு குவிந்தது, விரிந்தது. சங்கீதா வாயை மூடுவதற்குள் பதில் வந்துகொண்டிருந்தது.

ஏழுக்கு ஏழு.

பேராசிரியர் இளம்பரிதி மதிப்பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உங்க வூட்டுக்காரர் மைன்ஸாம்மா?"

"ஆமாங்க சார்" என்றாள். பஞ்சு இன்னும் காதில்தான் இருந்தது.

"அதான் சார் விஷயம்!" என்றான் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் சுபாஷ். "கரி ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னா ஒரு எழவும் கேக்காது. வாயைப் பாத்துக்கினுதான் பேசிக்குவோம். வூட்டுக்குப் போனாலும் அதே பழக்கம். பொண்டாட்டி பேசுறப்ப வாயைப் பாத்தா, ஏன்யா முறைக்கிறன்னு கேக்குறா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எழில்மதியும் லேசாகச் சிரித்து வைத்தாள். எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

மீதி மூன்றும் கண்ணுக்குச் சிக்காதவை. ஃப் என்றாலும் வ் என்றாலும் உதடும் பல்லும் நிற்பது ஒரே மாதிரிதான். தொண்டை அதிர்ந்தால் குரலொலி, அதிராவிட்டால் குரலில்லாத ஒலி. கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருப்பவரின் தொண்டையில் கை வைத்துச் சொல்ல வேண்டும். ஒரே தடவைதான். இரண்டாம் தடவை கேட்டால் அந்த மதிப்பெண் போய்விடும்.

"இருக்கறதுலயே ஈசி இதுதான்மா" என்றார் இளம்பரிதி.

சங்கீதா அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். எழில்மதி கண்ணை மூடினாள்.

முதல் ஒலி.

உள்ளங்கைக்குக் கீழே தொண்டை நடுங்கியது. தேனீக்கூட்டை மேலிருந்து தொட்டதுபோல ஒரு ரீங்காரம் விரல்களில் ஏறி மணிக்கட்டுவரை வந்தது.

பதில் தெரியும். சொன்னால் கையை எடுக்க வேண்டும்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

சங்கீதா திகைத்துப் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கி, ஒரு மதிப்பெண்ணை அடித்தார். சங்கீதா மறுபடி சொன்னாள், இந்த முறை நன்றாக நீட்டி. எழில்மதியின் கை அப்படியே இருந்தது.

இரண்டாவது ஒலி. அதுவும் அதிர்ந்தது. கொஞ்சம் கனத்த அதிர்வு. ஆண்குரல் என்றால் இன்னும் கனமாக இருக்கும். கதவில் கை வைத்தால் உள்ளே யாரோ நடப்பது தெரிகிற மாதிரி இருக்கும்.

"இன்னொரு வாட்டி."

இன்னொரு மதிப்பெண் போனது.

சங்கீதா பதறிப்போய் அவள் காதுப் பஞ்சைப் பிடுங்கினாள். "என்னக்கா பண்றீங்க? இன்னும் ஒண்ணுதான் இருக்கு. ஏழுலயே நிக்கறீங்க. இது போச்சுன்னா எல்லாம் போச்சு!"

எழில்மதி தலையாட்டினாள். பஞ்சை வாங்கி மறுபடி அடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூன்றாவது ஒலி.

கை காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. சங்கீதாவின் மூச்சு மட்டும் மேலே எங்கோ உரசிக்கொண்டு போனது. தொண்டை அசையாமல் கிடந்தது.

இந்த இடத்தில்தான் மற்றவர்கள் தடுமாறியிருந்தார்கள். அதிர்ந்ததா, நமக்குத்தான் தெரியவில்லையா என்று சந்தேகம் வந்துவிடும்.

எழில்மதிக்கு வரவில்லை.

"குரல் இல்லைங்க சார்" என்று சட்டென்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள்.

எட்டு.

வெளியே வேப்பமரத்தடியில் கொளஞ்சியப்பன் வண்டியோடு நின்றிருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மனைவியைக் கண்டதும் தூரத்திலிருந்தே வாயை அசைத்தார்.

"அண்ணன் என்னமோ சொல்றாரு, ஒண்ணும் கேக்கலியே?" என்றாள் கூட வந்த சங்கீதா.

"பாஸான்னு கேக்குறார்."

எழில்மதி எட்டு விரல்களைக் காட்டினாள். கொளஞ்சியப்பன் தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு.

குரல்வளையை எடுத்த ஆபரேஷன் முடிந்து மூன்று வருடமாகிறது. தினமும் காலையில் அந்தத் தொண்டையிலிருக்கும் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவது அவள்தான். மாட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருப்பாள். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கையில் சூடாகக் காற்று வந்து படும்.

காற்று மட்டும்தான்.