பச்சைக் கோட்டுக்கு ஒரு கும்பிடு

திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. மானேஜர் சிவானந்தன் கற்பூர ஆரத்தியைப் பார்ப்பதுபோல் அதைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கோப்பி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கணக்கு இன்னும் ஓடுதா?"

"ஓடுது சார்" என்றாள் மாதவி.

சுத்தப் பொய். கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

கோலா பிலா பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை அது. மாதவி அங்கே இன்ஜினியர். ஆலையின் கழிவுநீர்க் குளத்துக் கரை அடைமழையைத் தாங்குமா என்று பார்க்க, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கணித மென்பொருள் ஒன்றை எடுத்து, இந்த ஊர் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி மாதக்கணக்கில் திருத்தியிருந்தாள்.

முதல் தடவை அதை ஓட்டிக் காட்டியபோது விடை கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. "இவ்ளோ சீக்கிரம் வந்தா அது கணக்கா, மேஜிக்கா?" என்று மானேஜர் தள்ளிவிட்டார். அறிவு என்றால் அசைந்து அசைந்துதான் வர வேண்டும் என்பது அவர் கட்சி. வேறு வழியில்லாமல், அரை மணி நேரம் சும்மா ஊர்வதற்கென்றே அந்தப் பச்சைக் கோட்டைச் சேர்த்தாள் மாதவி.

ஓசியில் எடுத்துத் திருத்தியதை ஓசியிலேயே ஊருக்குக் கொடுப்பது அந்த மென்பொருள் உலகத்துத் தர்மம். அதையும் விடவில்லை. 'மாதவி முருகையா' என்று முழுப் பெயரையும் போட்டு, பச்சைக் கோட்டோடு அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டாள். "இத எவன் எடுக்கப் போறான்?" என்று மானேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கோடு ஒருவழியாகக் கரை சேர்ந்தது.

"மழைக்கு முன்னாடி கரைய உயர்த்தணும் சார். இல்லாட்டி உடைஞ்சிரும். கீழ லயத்து வீடுங்கள்ல புள்ளகுட்டியோட ஆளுங்க இருக்காங்க."

"இந்த சாமான் என்ன விலை?"

"ஃப்ரீ சார்."

பக்தி அந்த நொடியே இறங்கிவிட்டது. "ஓசி சாமான நம்பி நான் லோரி லோரியா மண்ணு கொட்டணுமா? கேஎல்லேருந்து எக்ஸ்பர்ட் வரட்டும் லா."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்கு எந்த எக்ஸ்பர்ட்டின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

மறுநாள் எக்ஸ்பர்ட் முகுந்தன் கழுத்தில் டையும் பளபளக்கும் காலணியுமாக வந்து இறங்கினார். மண் விவரம், மழை விவரம் எல்லாவற்றையும் மாதவியிடமே கேட்டு வாங்கிக்கொண்டார். சுவரோரமாக உட்கார்ந்து, மடிக்கணினியை யார் கண்ணிலும் படாதபடி திறந்து தட்டினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு திரையையே உற்றுப் பார்த்தார்.

முகுந்தன் அவ்வப்போது பெருமூச்சு விட்டார், நெற்றியைத் தேய்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாத்தியா? மூளைன்னா இப்படித்தான் உழைக்கணும்" என்று மானேஜர் மாதவியின் காதைக் கடித்தார். "காசுக்கேத்த தோச!"

அப்பேர்ப்பட்ட மூளைக்குச் சூடாகக் கோப்பி வேண்டாமா? மானேஜர் தானே எழுந்து கேன்டீனுக்கு ஓடினார்.

முகுந்தனின் பார்வை தற்செயலாக மாதவியின் சட்டையில் தொங்கிய பெயரட்டையில் விழுந்தது. திரையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். முகம் வெளிறியது.

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ் மாதவி, இந்தப் பச்சைக் கோடு ஏன் இவ்ளோ மெதுவாப் போவுது?"