முதுகு காட்டிய ராணி

புத்தகம் வாங்க வந்த அந்த ஆளை மாமனாருக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதே கண் அலமாரி மேல் மேய்ந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆயுள் முழுக்கக் கோடவுன் வாசலில் காவல் நின்றவர் மாமனார். கைரேகையை மறைக்கிறவன் எதற்கு மறைப்பான் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“புத்தகம் அழுக்காயிடக் கூடாதுன்னு மாட்டுறாங்க மாமா,” என்றான் மாப்பிள்ளை. “நீங்க உள்ள போய்ப் படுங்களேன்.”

“இங்கதான் காத்து நல்லா வருது.”

சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முழுசாக மூடவில்லை.

மேஜை மேல் கிடந்தது ஒரு காமிக்ஸ். ராணியும் டிராகனும் மல்லுக்கட்டும் தலையணை தடிமன் நாவல் ஒன்றைப் படக்கதையாகப் போட்டார்களாம். முதல் இதழுக்கு மட்டும் ஓவியர்கள் ஆளுக்கொரு அட்டை வரைந்தார்களாம். உள்ளே கதை ஒன்றுதான், சட்டைதான் வேறு வேறு. அதிலும் ராணி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அட்டை கொஞ்சம்தான் அச்சானதாம். அதற்காகச் சேகரிக்கிறவர்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறார்களாம்.

“முகத்தைக் காட்டினவளுக்கு மதிப்பில்ல, முதுகைக் காட்டினவளுக்கு வீட்டு அட்வான்ஸா?” என்று காலையில் மகளிடம் கேட்டிருந்தார்.

“அப்பா, இன்னிக்கு ஒரு நாள் நீங்க சும்மா இருந்தீங்கன்னா போதும்,” என்றாள் மகள்.

அவளுக்கு நிறைமாதம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பார்த்து வைத்த புது வீட்டுக்கு இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். இந்த முதுகுக்காரி விலை போனால்தான் பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கூரை.

வந்தவர் புத்தகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் மதிப்பு பாதியாகிவிடுமாம். படிக்காத புத்தகம் என்னடா புத்தகம் என்று மாமனாருக்கு வாய் வரை வந்தது. தூங்குகிறவர் பேசக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டார்.

“பளிச்சுன்னு இருக்கு சார்,” என்றார் வந்தவர். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“தண்ணி என்னங்க, காபியே போடறேன்.” மாப்பிள்ளை சமையலறைக்குள் போய்விட்டான்.

மாமனார் பல்லைக் கடித்தார். நம்பி ஒரு பெண்ணை வேறு கொடுத்தோமே இவனுக்கு.

மாப்பிள்ளையின் தலை மறைந்ததுதான் தாமதம். வந்தவர் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே ராணி, அதே முதுகு, அதே மாதிரி உறை. அது மேஜைக்கு வந்தது. மேஜையில் இருந்தது பைக்குள் போனது.

மாமனாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் அசையவில்லை. கேட்டுக்கு உள்ளே பிடித்தால் திருடன், “இடம் மாத்தி வைக்கத்தான் எடுத்தேன்” என்பான். தாண்ட விட்டு, சரக்கோடு பிடிக்க வேண்டும். கோடவுன் வேலையில் அவர் மீறாத ஒரே சட்டம் அது.

காபி வந்தது.

“மூலை மடங்கியிருக்கே சார். இப்பத்தான் கவனிச்சேன்,” என்றார் வந்தவர்.

“அட, ஆமாங்க. நான் பார்க்கவே இல்லையே.” மாப்பிள்ளை அசடு வழிந்தான்.

“யோசிச்சுச் சொல்றேன்.”

காபியை மட்டும் யோசிக்காமல் குடித்துவிட்டு அந்த ஆள் கிளம்பினார். மாப்பிள்ளை கைகுலுக்கி வழியனுப்பிவிட்டு, மகளிடம் ஏதோ சொல்ல அறைக்குள் ஓடினான்.

மாமனார் எழுந்தார். மேஜை மேல் கிடந்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. தெருவில் அந்த ஆள் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவி போடும்போது பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

“பையைத் தெற.”

“பெரியவரே, என்ன இது? மரியாதையாப் பேசுங்க.”

“காபி குடிச்சியே, அதோட மரியாதை முடிஞ்சுபோச்சு. பையைத் தெறக்கிறியா, தெருவைக் கூட்டவா?”

எதிரே மருந்துக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் பையைத் திறந்தார். மாமனார் தங்கள் புத்தகத்தை உருவிக்கொண்டு, கக்கத்தில் இருந்ததை அவர் மடியில் எறிந்தார்.

“உன்னோடத நீயே வெச்சுக்க. அடுத்தவன் பொருள் எங்களுக்கு ஆகாது.”

ஸ்கூட்டர் பறந்தது.

மேலே வந்தால் மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். மகள் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உதறிக்கொண்டிருந்தாள்.

“தேடாதீங்க மாப்பிள்ளை.” மாமனார் புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். “நீங்க அடுப்படிக்குப் போன நேரத்துல அந்தாளு மாத்திட்டான். நான் திருப்பி மாத்திட்டு வந்துட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம். இனிமே கண்டவனத் தனியா விட்டுட்டுக் காபி போடப் போகாம இருந்தாச் சரி.”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்பா, அவன் வெச்சுட்டுப் போனத அவன்கிட்டயே குடுத்துட்டீங்களா?”

“பின்ன? அது எதுக்கு நமக்கு?”

மாப்பிள்ளை மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. அங்கிருந்தே ஈனசுரத்தில் சொன்னான்.

“மூலை மடங்கியிருந்தாலும் அதுதான் மாமா அசல், நீங்க மீட்டுட்டு வந்தது எங்க ஆபீஸ் பிரிண்டர்ல நான் போட்டது.”