கேப்டன் ஊற்றிய காப்பி

“எனக்குக் காப்பி வேணும். கேப்டன் குதைபா கையாலயே ஊத்தித் தரணும். அவர் வீட்டுப் பெரியவங்க வந்திருக்காங்கல்ல, இப்பவே, அவங்க முன்னாலயே தரணும்.”

கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஹஸ்னா அரபியில் கத்தினாள். ஈராக்கின் அந்தப் போர்க்கைதி முகாமில், ஈரானியப் பெண்களின் அறைக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். எதிரியிடம் எதையும் கேட்கக் கூடாது. காவலுக்கு நின்ற சிப்பாய் இளித்துக்கொண்டே ஓடினான்.

சட்டம் போட்டவள் மஹ்தோக்த், ஊரில் பள்ளி ஆசிரியை. அவளுக்குப் பாரசீகம் மட்டும்தான் தெரியும். ஆனால் காப்பியும் கேப்டன் பெயரும் எந்த மொழியிலும் புரியும்.

“ஒரு மாத்திரைக்குக் கை நீட்டினா, நாளைக்கு அவங்க ரேடியோவுல பேசச் சொல்வாங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனேடி. நீ காப்பிக்கே நீட்டிட்ட!”

“அஃப்சானே கால் அழுகிப்போச்சு அக்கா. உடனே வெட்டி எடுக்கலைன்னா செத்துடுவா.”

“அவ காலுக்கு நீ காப்பி குடிக்கணுமா? அரபுக்காரிதானே. ரத்தம் ரத்தத்தைத் தேடுது.”

மூலையில் அஃப்சானே காய்ச்சலில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குண்டு பாய்ந்த காலிலிருந்து வந்த நாற்றத்துக்கு அறையே மூக்கைப் பொத்தியிருந்தது.

ஈரானில் வாழும் அரபுக் குடும்பம் ஹஸ்னாவுடையது. அதில் நர்ஸிங் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அங்கே விடுதியில் அவளுக்கு ‘உடும்பு தின்னி’ என்று பெயர், அரபுகளை ஏசும் சொல். இங்கே குதைபாவுக்கு அவள் ‘நம்ம வீட்டுப் பொண்ணு’. நர்ஸ் என்று மட்டும் எந்தப் பக்கமும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

மாதக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தான் குதைபா. நானும் அரபுதான், உங்கள் பொண்ணுதான் என்று ரேடியோவில் ஒரு வரி சொன்னால் போதும். மறுநாளே செஞ்சிலுவைக்காரர்கள் வண்டியில் அம்மாவிடம் போய்விடலாம்.

சிப்பாய் ஹஸ்னாவைக் கூட்டிப்போன கேப்டன் அறையில் கம்பளம் விரித்து, குலத்துப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குதைபாவின் பெரியப்பா, ஷேக் தாமிர்.

“பாத்தீங்களா பெரியப்பா? நம்ம பொண்ணு தானாவே வருவான்னு சொன்னேன்ல!” குதைபா சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றி நீட்டினான்.

ஹஸ்னா வாங்கினாள். வாயருகே கொண்டுபோகாமல் கம்பளத்தின் மேல் வைத்தாள்.

ஷேக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குடிக்காம கீழ வெச்சுட்டா, குதைபா. ஏதோ கேட்டு வந்திருக்கா. தர்றேன்னு வாக்குக் குடுக்காம இனி அவளைக் குடின்னு சொல்ல முடியாது. சொன்னா நம்ம குலத்துக்கே அசிங்கம்.”

“என்கூட இருக்கற ஒருத்தி சாகக் கிடக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகணும்” என்றாள் ஹஸ்னா.

குதைபாவுக்கு முகம் சுருங்கியது. உடனே சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

“விருந்தாளி வெச்சாத்தானே பெரியப்பா அது செல்லும்? இவ நம்ம வீட்டுப் பொண்ணாச்சே. வீட்டுப் பொண்ணு கிண்ணத்தைக் கீழ வெச்சா, எடுத்துக் கழுவி வைடீன்னுதானே சொல்லுவோம்!”

அத்தனை பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் குதைபா அவள் பக்கம் குனிந்தான்.

“யோசிச்சுப் பேசு தங்கச்சி. பொண்ணுன்னா உனக்கு வீடு. அந்நியம்னா நீ பிடிபட்ட ஈரான்காரி. அரபாப் பொறந்தும் அப்படிச் சொல்றவளுக்குப் பாக்தாத்ல தரைக்குக் கீழ ரூம் இருக்கு. இறங்கினவ எவளும் ஏறி வந்ததில்ல.”

ஷேக் சிரிக்கவில்லை. “நீயே சொல்லு மகளே. எங்க வீட்டுப் பொண்ணா, விருந்தாளியா?”

ஹஸ்னா அவர் பக்கம் நகர்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் அறைக் கதவு திறந்தது. இரண்டு சிப்பாய்கள் அஃப்சானேவைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். பின்னாலேயே வந்த ஹஸ்னா, ஆபரேஷன் முடிகிறவரை தண்ணீர் தராதே என்று ஒருவனிடம் அரபியில் சொன்னாள்.

“கொஞ்சு, நல்லா கொஞ்சு” என்றாள் மஹ்தோக்த். “இவ்வளவு சுலபமா ஆஸ்பத்திரி கிடைக்குதுன்னா, நீ எதைடி வித்த?”

“எங்கிட்ட விக்க என்னக்கா இருக்கு?”

“வெளிய ஜீப் நிக்குதே, யாருக்கு? ரேடியோவுக்கா, நேரா வீட்டுக்கா?”

ஹஸ்னாவுக்குப் பாரசீகம் தண்ணீர்பட்ட பாடு. ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். சொன்னால் நம்புவாளா? தன் போர்வையை மட்டும் எடுத்து மடித்து மஹ்தோக்தின் காலடியில் வைத்தாள்.

“அறை ரொம்பக் குளிருது. நீங்க போத்திக்கோங்க.”

“உன் எச்சில் போர்வை யாருக்குடி வேணும்? உன் சனம் காத்துக்கிட்டிருக்கு, போ.”

சிப்பாய் கையைப் பிடிக்க வந்தான். ஹஸ்னா அதைத் தட்டிவிட்டுத் தானே வெளியே நடந்தாள், ஜீப்பை நோக்கி. குதைபா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவரிடம் சொன்னான்:

“வீட்டுப் பொண்ணு இல்ல, நான் உங்க எதிரின்னு பெரியப்பாகிட்ட அவ வாயாலயே சொல்லிட்டா. கண்ணைக் கட்டு, பாக்தாத்துக்கு விடு.”