பட்டைக்குள் பச்சை

"செடி செத்துப் போச்சான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

இலையெல்லாம் கொட்டிப்போய் வெறும் குச்சியாக நின்ற ரோஜாவைத் தொட்டியோடு மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள் அந்தப் பெண்.

நர்சரிக்கார அக்கா தண்டை நகத்தால் லேசாகக் கீறினாள். உள்ளே பச்சை தெரிந்தது.

"உயிர் இருக்கு. தண்ணி ஊத்தியே கொல்லப் பார்த்திருக்கீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"மூணு தடவைக்கா."

"பாவம், அதுக்கு மூச்சு விட நேரம் வேணாமா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரையும் நான் இப்படித்தான் பண்றேன் போல."

அக்கா மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அக்கம்பக்கத்தில் எது வாடினாலும், செடியானாலும் குடும்பமானாலும், அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இவள் போன மாதம்தான் அடுத்த தெருவுக்குக் குடிவந்தவள். ஒரு விவரமும் கைவசம் இல்லாதது அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது.

"குடியா?"

"ஐயோ, இல்லக்கா."

"வேற பொம்பளையா?"

"சேச்சே."

அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஆண்டவர் மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சுக்கா. ஒரு வருஷமாச்சு. வீட்டுல முழங்கால் போடுறதில்ல. நான் ஜெபம்னு ஆரம்பிச்சா எழுந்து போயிடுறார்."

"இதுக்கா இவ்வளவு? எனக்கும்தான் அந்த வம்பெல்லாம் கிடையாது. நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க இருப்பீங்க. அவர் அது இல்லாம பாதி ஆளாயிட்டார். பத்து தடவை கூப்பிட்டா ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார்."

"கோயிலுக்குப் போறதையும் விட்டுட்டாரா?"

"ஒரு ஞாயிறு தவறினதில்ல. அதான் கொடுமை."

"உங்க பாஸ்டர்கிட்ட சொல்லி நாலு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

"அவரால ஆகாதுக்கா."

"நல்ல பாஸ்டர், போங்க. சரி, நீங்க என்ன பண்றீங்க?"

"சட்டைப் பையில வசனம் எழுதி வைக்கிறேன். சாப்பிடும்போது எடுத்துச் சொல்றேன். 'எல்லாம் எனக்குத் தெரியும்'கிறார்."

"எந்த ஆம்பளை தெரியாதுன்னு சொல்லியிருக்கான்? சண்டை போடுவாரா?"

"அதைப் பத்திப் பேச்செடுத்தாலே போடுவார்."

"அப்ப உள்ளே பச்சை இருக்கு. காஞ்சது சண்டை போடாது. ஒரு மாசம் வாயைத் திறக்காதீங்க. வசனம், கண்ணீர் ரெண்டும் வேணாம். நிழல்ல வெச்ச செடி மாதிரி சும்மா விட்டுடுங்க."

இதுவரை எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காத அக்கா, ஓர் ஆத்துமாவுக்கு வைத்தியம் சொன்ன பெருமையில் அன்று இரண்டு நாற்றை இலவசமாகவே கொடுத்துவிட்டாள்.

வாரா வாரம் தகவல் வந்தது. முதல் வாரம், "ஒண்ணுமில்லக்கா." இரண்டாம் வாரம், "ஏன் தனக்காக ஜெபம் பண்றதை விட்டுட்டேன்னு கேட்டார்." மூன்றாம் வாரம் வந்தவள் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலையில அவர் ரூம் கதவு லேசாத் திறந்திருந்துச்சு. மண்டி போட்டிருந்தார்க்கா. தனியா."

"நீங்க பார்த்ததைக் காட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"கெட்டிக்காரி. முளை வரும்போது கிளறக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அக்கா நர்சரியைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கே போய்விட்டாள். பக்தியெல்லாம் இல்லை. அந்த ஆளை ஒரு தடவை கண்ணால் பார்க்காவிட்டால் அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.

முன்வரிசையில் இருந்த அந்தப் பெண் இவளைக் கண்டதும் எழுந்து வந்து கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா ஆண்கள் பக்கம் தலை தலையாக ஆராய்ந்தாள்.

"கொட்டாவி விடுறாரே, வழுக்கை, அவரா?"

"இல்லக்கா."

"தூண் பக்கத்துல போனைத் தடவிக்கிட்டு?"

"அவரும் இல்ல."

"என்னம்மா, இன்னைக்குன்னு பார்த்து வரலையா?"

"வந்திருக்கார்." அவள் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நிஜமா வந்திருக்கார்."

சபை முழுவதும் எழுந்து நின்றது. அவள் பார்வை போன திசையில், வெள்ளை அங்கியோடு பிரசங்க மேடையின் படி ஏறிக்கொண்டிருந்தார் பாஸ்டர்.