ஆறாவது வளையம்

விடிந்தால் போட்டி. மாணவர்கள் மூன்று மாதமாக முட்டி மோதிச் செய்த நீர்மூழ்கி வண்டி, குளத்தின் அடியில் கிடக்கும் ஐந்து குழாய் வளையங்களை எடுத்து வர வேண்டும். ஓட்டுபவன் குளத்துக்கு முதுகு காட்டி, வண்டியின் கேமரா காட்டும் திரையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. கரையில் கேபிளைப் பிடித்திருந்தவள், அன்று காலையில்தான் வளையங்களை அறுத்து, தன் கோணல் கையெழுத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தாள்.

கடைசி ஒத்திகையில் ஐந்தும் வாளிக்கு வந்துவிட்டன. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“இன்னொண்ணு கிடக்குதே,” என்றான் ஓட்டுபவன், திரையைப் பார்த்தபடி.

“அஞ்சுதான்டா போட்டேன். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு.”

வண்டி மேலே வந்தது. அதன் இடுக்கியில் ஒரு வளையம் இருந்தது. பச்சைப் பாசி அப்பியிருந்தது. அதைக் கழற்றி, கட்டைவிரலால் தேய்த்தாள். ஆறு. அதே கோணல் கையெழுத்து.

அவள் வண்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் சொட்டியது.

“பக்கத்துலயே ஏழாம் நம்பரும் இருக்கு. அதையும் எடுத்துடறேன்,” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மடியில் காலி இடுக்கி மெல்ல விரிந்தது. பிறகு மூடியது. முழுதாக மூடவில்லை; ஒரு வளையத்தின் கனத்துக்கு இடம் விட்டு நின்றது.